செயினும் கேசட்டும் புதுசு, கியர் மட்டும் முரண்டு

என் சைக்கிளில் செயின், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), ஜாக்கி வீல் (பின்னால் செயினை வழிநடத்தும் இரண்டு குட்டிச் சக்கரங்கள்) மூன்றையும் மாற்றியாயிற்று. ஒன்பது கியரும் இப்போது ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சொடுக்கில் விழுகின்றன. பாகங்களைக் கழற்றி மாட்டும் வேலை சுலபமாகவே முடிந்தது. இழுத்தடித்தது அதற்கப்புறம் வந்த கியர் டியூனிங்தான். கோளாறு கடைசியில் நான் மாற்றாமல் விட்ட ஒரு பாகத்தில் இருந்தது. இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் கேபிள் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டரை மட்டும் திருகித் திருகி அலுத்துப் போகாமல் இருக்க, நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டியின் அமைப்பு இது: முன்னால் 44, 32, 22 என மூன்று பல்சக்கரங்கள். பின்னால் 9 கியர் கேசட். பற்கள் 11, 12, 14, 16, 18, 21, 24, 28, 32. கியர் மாற்றும் லீவர் ஷிமானோ வகை ஷிஃப்டர், செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் நகர்த்துவது கேபிளில் இயங்கும் டீரெய்லர். பழைய செயினில் 14, 16 பல் சக்கரங்களில் அழுத்தி மிதித்தால் ‘டக்’கென்று ஒரு பல் தாவும். பெரிய சக்கரங்களில் தாவாது. அதிகம் ஓட்டியது அந்த இரண்டில்தான் என்பதால் தேய்ந்ததும் அவைதான்.

செயினை அளக்கத் தனிக் கருவி விற்கிறது. ஆனால் அங்குலம் அச்சிட்ட இரும்பு ஸ்கேலே போதும். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 12-ஐ 1/16 அங்குலம் தாண்டினால் அரை சதவீதத் தேய்மானம், 1/8 அங்குலம் தாண்டினால் ஒரு சதவீதம். 11, 12 கியர் வண்டிகளில் அரை சதவீதத்திலேயே செயினை மாற்றிவிடுவது நல்லது. 8, 9, 10 கியருக்கு முக்கால் சதவீதம் வரை பொறுக்கலாம். என் செயின் 1/8-ஐயும் தாண்டியிருந்தது. அளக்கும்போது பெடலை லேசாக அழுத்தி மேல்பக்கச் செயினை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தொய்வாக இருந்தால் அளவு ஏமாற்றும்.

ஒரு சதவீதம் தாண்டிய செயினோடு ஓடிய கேசட்டில் புதுச் செயினை மட்டும் போட்டால் தேய்ந்த பல்லில் அது உட்காராது, இன்னும் மோசமாகத் தாவும். அதனால் கேசட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. செயின் விலை குறைவு, கேசட் விலை அதைவிடக் கூட. ஸ்கேலை முன்பே எடுத்திருந்தால் செயின் செலவோடு போயிருக்கும்.

தேவைப்பட்ட கருவிகள்: செயின் கட்டர், செயின் விப், லாக்ரிங் (கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) கழற்றும் பல்வைத்த சாக்கெட், பெரிய ஸ்பேனர், 3 மற்றும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். இவற்றோடு கேபிள் கட்டரையும் முதல் நாளே எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கேசட் கழற்றுவதில் ஒரே சிக்கல், ஸ்பேனரைத் திருப்பினால் கேசட் மாட்டியிருக்கும் உருளையான ப்ரீஹப்பும் கூடவே சுற்றும் என்பது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் செயின் விப். லாக்ரிங்கின் மரை வழக்கமான மரைதான், இடப்பக்கம் திருகினால் கழலும். முதல் அசைவில் ‘கரக்’கென்று பெரிய சத்தம் வரும். உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்; லாக்ரிங்கின் அடியில் இருக்கும் சொரசொரப்பான வரிகள் விடுபடும் சத்தம் அது.

பெரிய சக்கரங்கள் ஒன்றாக ரிவெட் அடித்த ஒரே கட்டாக வந்தன. சின்னவை தனித்தனி, நடுவே ஸ்பேசர்கள். என்னுடைய ப்ரீஹப் அலுமினியம். தனியாக இருந்த சக்கரங்கள் மிதிக்கிற விசையில் அதன் வரிகளைக் கடித்து, சின்னச் சின்ன வெட்டுகள் போட்டிருந்தன. விளிம்பில் பிசிறு நின்ற இடங்களில் மட்டும் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு. பள்ளத்தையே இல்லாமலாக்குகிறேன் என்று தேய்க்கக் கூடாது, பிசிறு போனால் போதும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய பூச்சாகப் புதுசு தடவினேன்.

ப்ரீஹப் வரிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து அகலம் மாறி இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு சக்கரத்தையும் நுழைக்க வேண்டும், இல்லாவிட்டால் போகாது. இந்த ஏற்பாடு எதற்கென்றால், ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்குச் செயின் ஏற வசதியாகப் பற்களில் வெட்டி வைத்திருக்கும் சரிவுகள் ஒன்றுக்கொன்று நேராக அமைய வேண்டும். லாக்ரிங்கில் 40 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. டார்க் ரெஞ்ச் இல்லை. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 13, 14 கிலோ அளவுக்கு அழுத்தினால் அந்த முறுக்கு வரும். முடுக்கியதும் சின்னச் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அசைந்தால் எங்கேயோ ஒரு ஸ்பேசர் விட்டுப் போயிருக்கிறது.

ஜாக்கி வீல் இரண்டும் 11 பல், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. ஆனால் மேலே போக வேண்டியது பக்கவாட்டில் லேசாக ஆடும். அது குறை இல்லை, கியர் மாறும்போது செயின் தானாக நடுவில் வந்து நிற்பதற்காக விட்ட இடைவெளி. கீழே போவது ஆடாது. இடம் மாற்றிப் போட்டால் வண்டி ஓடும், டியூனிங் மட்டும் என்ன செய்தாலும் திருப்தியாக வராது. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளவும். கழற்றிய பழைய வீல்களில் பல் முள்மாதிரி கூர்ந்து போயிருந்தது.

செயின் நீளம். பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு அதன் அளவுக்கு வெட்டுவது பலரும் செய்வது. தேய்ந்த செயினில் அது தப்பாகப் போகும். என் பழைய செயின் 108 கண்ணி, புதிதாக இருந்தபோது 1371.6 மில்லிமீட்டர் இருந்திருக்கும். ஒரு சதவீதம் நீண்டால் கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் கூடுகிறது, அதாவது ஒரு கண்ணிக்கும் மேல். அதன் நீளத்துக்குப் புதுசை வெட்டினால் கண்ணி கூடிவிடும். அதனால் எண்ணித்தான் வெட்ட வேண்டும். பழையதன் நீளமே சரிதானா என்று சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி: செயினை டீரெய்லருக்குள் விடாமல், முன் பெரிய சக்கரம், பின் பெரிய சக்கரம் இரண்டையும் சுற்றி இழுத்துப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக வைத்துக்கொள்வது. அப்படிப் பார்த்தபோதும் 108 தான் வந்தது. 44-க்கு 32 போட்டு யாரும் ஓட்டப் போவதில்லை, ஆனால் கை தவறி அந்தக் கியர் விழுந்தால் டீரெய்லரைப் பிய்த்து எடுக்காத நீளம் செயினுக்கு இருந்தாக வேண்டும்.

வெட்டும்போது ஒன்றைக் கவனிக்கணும். செயினின் இரு முனைகளையும் கோக்கும் குயிக் லிங்க் என்பது ஒரு வெளிக்கண்ணி. ஆகவே செயினின் இரண்டு முனையும் உள்கண்ணியாக முடிய வேண்டும். கணக்கு 107 கண்ணி, கூட குயிக் லிங்க் ஒன்று. அதைக் கையால் கோத்துவிட்டு, மேல்பக்கம் வரும்படி சுற்றி நிறுத்தி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரு மிதி மிதித்தால் ‘க்ளிக்’கென்று பூட்டிக்கொள்ளும்.

இதுவரை எல்லாம் சுமுகம்.

டியூனிங்குக்குக் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். டீரெய்லரில் ஹெச், எல் என்று குறித்த இரண்டு திருகுகள் உண்டு. ஹெச் சின்னச் சக்கரப் பக்கத்து எல்லை, எல் பெரிய சக்கரப் பக்கத்து எல்லை. கேபிள் இல்லாதபோது ஸ்பிரிங் டீரெய்லரைச் சின்னச் சக்கரத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். பின்னால் நின்று பார்த்தால், மேல் ஜாக்கி வீல் 11 பல் சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே நிற்க வேண்டும். எனக்குக் கால் சுற்று தேவைப்பட்டது. அப்புறம் பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி, செயினை 32-க்கு ஏற்றிப் பார்த்து எல் திருகை வைத்தேன். இதில் மெத்தனம் கூடாது. எல்லை தாண்டினால் செயின் ஸ்போக் கம்பிகளுக்குள் விழும், சக்கரம் பாழாகும். எல்லைத் திருகுகளுக்கு இந்த இரண்டு முனைகளைத் தவிர வேறு வேலை கிடையாது. நடுக் கியர் சரியாக விழவில்லை என்று இவற்றைத் தொட்டால் இருக்கிற ஒழுங்கும் கெடும்.

பிறகு கேபிள். ஷிஃப்டர் 9-ல், அதாவது மிகச் சின்னச் சக்கரத்துக்கான கியரில், இருக்க வேண்டும், பேரல் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி இரண்டு சுற்று வெளியே எடுத்து வைக்க வேண்டும். கேபிளைக் கையால் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, போல்ட்டின் கீழ் இருக்கும் பள்ளத்தில் உட்கார வைத்து, 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் முடுக்கினேன். அந்தப் பள்ளத்தை விட்டு போல்ட்டின் மறுபக்கம் கேபிள் போனால் நெம்பும் தூரம் மாறிவிடும், ஒரு முனையில் சரியாக விழுந்து மறு முனையில் விழாது.

பேரல் வெளியே வரும் பக்கம் திருகினால் கேபிள் இறுகி, செயின் பெரிய சக்கரத்தை நோக்கி நகரும். உள்ளே போகும் பக்கம் திருகினால் சின்னச் சக்கரத்தை நோக்கி. 12 பல்லில் செயின் ஓடும்போது, அடுத்த கியர் விழாத அளவுக்கு லீவரின் வெறும் ஆட்டம் தீரும்வரை மட்டும் அழுத்திப் பிடித்தால், செயின் 14-ஐ லேசாக உரசிச் சத்தம் தர வேண்டும். லீவரை விட்டால் சத்தம் நிற்க வேண்டும். அந்த நிலைக்குக் கொண்டுவந்தேன்.

ஏற்றுவது பிரமாதமாக இருந்தது. இறக்குவதில்தான் வினை. 21-லிருந்து 18-க்கு இறக்கினால் செயின் ஒரு சுற்று யோசித்துவிட்டு விழும், சில நேரம் விழவே விழாது. அடுத்த சொடுக்குக்கு இரண்டாகச் சேர்ந்து விழும். பேரலைக் கால் சுற்று தளர்த்தினால் இறங்குவது சரியாகும், ஆனால் 16-லிருந்து 18-க்கு ஏறுவது தாமதமாகும். மறுபடி இறுக்கினால் பழைய கதை. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான ஒரு புள்ளி எங்கேயோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் பேரலையே பிடித்துக்கொண்டு நின்றதில் நிறைய நேரம் போயிற்று. அப்படி ஒரு புள்ளி அங்கே இல்லை.

அடுத்த சந்தேகம் பி-டென்ஷன் திருகு மேல். டீரெய்லரின் பின்னால் இருக்கும் இந்தத் திருகு, மேல் ஜாக்கி வீலுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை வைக்கிறது. 32 பல்லில் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். ஆலன் கீ ஒன்றை இடையில் நுழைத்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். பெரிய சக்கரத்தில் இருந்த உரசல் சத்தம் போயிற்று. இறங்கும் தாமதம் அப்படியே இருந்தது.

அப்புறம் ஹேங்கர். டீரெய்லர் தொங்கும் இந்த அலுமினியத் துண்டு, வண்டி வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும். பார்க்க அளவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன்: டீரெய்லரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் திருகி, நீண்ட கையை ரிம்மின் மேல், கீழ், முன், பின் நான்கு பக்கமும் கொண்டுபோய் இடைவெளியை ஒப்பிடுவது. ரிம்மே கோணலாக இருந்தால் அளவு தப்பும். அதனால் காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடத்தையே ஒவ்வொரு முறையும் சுற்றிக் கொண்டுவந்து அளந்தேன். அதிகபட்ச வித்தியாசம் 2 மில்லிமீட்டர். 9 கியருக்கு இது ஒன்றும் இல்லை. கருவி கிடைக்காதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஹேங்கரின் மரை 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி. பல பின்சக்கர ஆக்ஸில்களிலும் இதே மரைதான். உதிரி பின்சக்கரம் இருந்தால் ஹேங்கரிலேயே அதைத் திருகி, இரண்டு சக்கரமும் இணையாக நிற்கின்றனவா என்று பார்க்கலாம். லேசாக, கையால் மட்டும் திருக வேண்டும். முதல் மரையிலேயே முரண்டினால் அந்த ஆக்ஸில் வேறு அளவு, விட்டுவிடவும்.

ஹேங்கர் வளைந்திருந்தால் நோய் வேறு மாதிரி தெரிந்திருக்கும்: சின்னச் சக்கரங்களில் ஒழுங்காக விழும், பெரியவற்றுக்குப் போகப் போக விலகும். கேபிள் தொய்வு மட்டும் காரணம் என்றால் எல்லாக் கியரும் ஒரே பக்கம் தப்பும். எனக்கோ எல்லாச் சக்கரத்திலும் இறங்கும்போது மட்டும் தாமதம். ஏற்றும்போது கேபிளை இழுப்பது நம் கட்டைவிரல், அதற்கு பலம் உண்டு. இறங்கும்போது கேபிளைத் திரும்ப இழுத்துக்கொள்வது டீரெய்லரின் ஸ்பிரிங் ஒன்றுதான். வழியில் எங்கே சிக்கினாலும் அது திணறும்.

இதைச் சோதிக்க வினாடி போதும். இறக்கிவிட்டுச் செயின் மாறாமல் நிற்கும்போது, பிரேமின் அடிக்குழாய் ஓரமாக வெளியே தெரியும் கேபிளை விரலால் லேசாக இழுத்து விட்டேன். உடனே ‘டக்’கென்று 18-ல் விழுந்தது. டீரெய்லர் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் எங்கேயோ பிடித்துக்கொள்கிறது. கேபிளைக் கழற்றி அதன் வெளியுறையான அவுட்டர் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால், டீரெய்லருக்குள் நுழையும் அந்தக் கடைசி வளைவுத் துண்டில் மட்டும் மணலில் இழுப்பதுபோல் நறநறவென்றது. பின்சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரும் தூசியும் போய்ச் சேரும் இடம் அதுதான். முனை மூடியைக் கழற்றியபோது பழுப்புப் பொடி கொட்டியது. உள்ளே இருந்த நீளக் கம்பிகளில் இரண்டு மூடியின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தன.

கணக்காகச் சொன்னால், 9 கியரில் ஒரு சொடுக்குக்கு ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் சுமார் 2.5 மில்லிமீட்டர். டீரெய்லர் அதை 1.7 மடங்காக்குகிறது. அரை மில்லிமீட்டர் கேபிள் சிக்கினாலே செயின் 0.85 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்களின் இடைவெளியே 4.35 மில்லிமீட்டர்தான் எனும்போது அது பெரிய தூரம்.

கடைசித் துண்டோடு விடாமல் அவுட்டர் முழுவதையும், உள்ளே ஓடும் கம்பியான இன்னரையும் மாற்றினேன். கியருக்கு 4 மில்லிமீட்டர் அவுட்டர். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அழுத்தினால் சுருங்காது. பிரேக் அவுட்டர் 5 மில்லிமீட்டர், உள்ளே சுருள் கம்பி, அழுத்தத்தில் சற்றுச் சுருங்கும், கியருக்கு ஆகாது. இன்னர் 1.2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ். வெட்டுவதற்குச் சாதாரணக் குறடு எடுத்தால் அவுட்டர் நசுங்கும். கேபிள் கட்டரால் வெட்டினாலும் முனையை அரத்தால் சமமாக்கி, நசுங்கிய உள்குழலை ஊசியால் விரித்துவிட்ட பிறகே மூடியைப் போட வேண்டும். கடைசி வளைவின் நீளம் முக்கியம். குட்டையாக வெட்டினால் டீரெய்லர் 11-ல் நிற்கும்போது மடங்கும், நீளமாக விட்டால் உராய்வு கூடும். பேரலுக்குள் நேராக நுழைகிறதா என்று இரண்டு முனைக் கியரிலும் வைத்துப் பார்த்து வெட்டினேன். பழையதைவிட 2 சென்டிமீட்டர் நீளமாக வந்தது.

மாட்டியதும் உடனே டியூன் செய்யவில்லை. செயினை 32-ல் ஏற்றி வைத்து, வெளியே தெரியும் கேபிளைக் கையால் சில முறை அழுத்தி இழுத்தேன். மூடிகள் அதனதன் இடத்தில் அழுந்தி உட்கார்ந்ததில் 3 மில்லிமீட்டர் தொய்வு வெளியே வந்தது. அதைத் திரும்பப் பிடித்துக் கட்டி, பேரலை இரண்டு கால் சுற்று. முடிந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு கியரையும் ஏற்றி இறக்கிப் பார்த்தபின் ரோட்டில் மேட்டில் ஏற்றி மிதித்தும் பார்த்தேன். ஸ்டாண்டில் நிற்கும்போது செயின் தாவுகிறதா என்பது தெரியாது, சுமை வேண்டும். 14-லும் 16-லும் எழுந்து நின்று மிதித்தும் அசையவில்லை. சில நாள் ஓடியபின் மறுபடி அரைச் சுற்று இறுக்க வேண்டியிருந்தது. புது அவுட்டரில் இது எதிர்பார்த்ததுதான்.

முன் டீரெய்லரைப் பெரிதாகத் தொடவில்லை. அதன் கூடு பெரிய சக்கரப் பல்லுக்கு 2 மில்லிமீட்டர் மேலே, சக்கரத்துக்கு இணையாக நின்றது. புதுக் கேபிளுக்குப் பேரலில் ஒரு சுற்று போதுமானதாக இருந்தது.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். முதலில் ஹேங்கர், பிறகு கேபிளை உருவி அவுட்டரை ஓட்டிப் பார்ப்பது, அதற்கப்புறம்தான் கேசட்டில் கை வைப்பது. செயின் வாங்கும்போதே ஒரு இன்னரும் இரண்டு மீட்டர் அவுட்டரும் வாங்கி வைத்துவிடலாம். இந்த வேலையில் மிகக் குறைந்த செலவே அதுதான். செயினை முக்கால் சதவீதத்தில் மாற்றிவிட வேண்டும், ஸ்கேலில் அந்த இடத்தைக் கீறி அடையாளம் வைத்திருக்கிறேன்.

முன்பக்க 32 பல் சக்கரத்தை மாற்றவில்லை. பற்கள் ஒருபக்கம் லேசாகச் சாய்ந்திருக்கின்றன, புதுச் செயின் அதில் ஓடும்போது மெல்லிய உறுமல் கேட்கிறது. தாவவில்லை, செயினைப் பிடித்து மேலே இழுக்கவும் இல்லை. உறுமல் தேய்ந்து அடங்கினால் விட்டுவிடுவேன். செயின் பல்லை விட்டு விலக மறுத்து மேலே சுற்றத் தொடங்கினால் அதையும் கழற்ற வேண்டியதுதான். நான்கு போல்ட், 104 மில்லிமீட்டர் வட்டம் என்று அளவு குறித்து வைத்தாயிற்று.